மாத்திரை மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



'வெளிநாட்டு ஏழை மக்களிடையே மருத்துவப் பணியும் கிறிஸ்தவ நம்பிக்கையும்' என்பது செயலாளர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. நான் மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தவன் இல்லை. இந்தக் கல்லூரியில் பி.யு.சி. முடித்து, மருத்துவம் படித்து, முப்பது ஆண்டுக்கு மேல் அரசாங்கக் காசநோய்ப் பிரிவில் காலம் தள்ளியவன். ஆகவே பிரசங்கம் பண்ண எனக்குத் தகுதி கிடையாது. திருநீறு பூசியவர்களும், குல்லா போட்டவர்களும், சிலுவை அணிந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கல்லூரி இது. அந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்புக்கு ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவரை நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் உங்களை ஹைத்தி நாட்டில் கான்ஜ் என்கிற ஒரு மலைக்குடியிருப்புக்கு அழைத்துப் போகிறேன். காசநோய்க்காரர்களோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு அந்த ஊரின் கதை சொந்த ஊர்க் கதை மாதிரி.

ஹைத்தி, கரீபியன் கடலில் ஒரு தீவின் மேற்குப் பகுதி. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்கள் தங்கள் பிரெஞ்சு எஜமானர்களை எதிர்த்துப் போரிட்டு வென்று, 1804-ல் சுதந்திர நாடு அமைத்தார்கள். பிரான்ஸ் சும்மா விட்டதா? 1825-ல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, தோட்ட முதலாளிகளின் நட்டத்துக்கு 15 கோடி பிராங்க் கட்டு என்றது. பின்னால் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட வாங்கிய கடனும் வட்டியும் 1947 வரை அந்த நாட்டை அரித்தன. அடித்தவனுக்கு அடிபட்டவன் அபராதம் கட்டிய கதை உலகத்தில் வேறெங்கே உண்டு! 'ஏழை நாடு' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஏழ்மைக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கான்ஜ் ஊருக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஹைத்தியின் நடுப்பகுதியில் ஆர்த்திபோனித் என்று ஒரு பெரிய ஆறு. அதன் கரையில் நல்ல வண்டல் மண்ணில் விவசாயம் செய்து மக்கள் வாழ்ந்தார்கள். 1956-ல் அமெரிக்கக் கடனுதவியோடு அங்கே பெலிக்ர் அணை கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் ஏற ஏற, வயலும் வீடும் மூழ்கின. நட்டஈடு என்று பெரும்பாலானவர்கள் கையில் ஒன்றும் வந்து சேரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே மொட்டை மலைக்கு ஏறினார்கள். அணையின் மின்சாரம் தலைநகரத்துக்குப் போனது. அணைக்காக நிலத்தை இழந்தவர்களுக்கு விளக்கும் இல்லை, குழாயும் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் செங்குத்துச் சரிவில் கீழே இறங்கி, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும்.

அந்த மக்களிடம் வந்தவர் ஃபிரிட்ஸ் லஃபோந்தான் என்கிற ஹைத்திக்காரப் பாதிரியார். எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர். நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையும் அந்தச் சபையும் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் சொந்தக்காரர்கள்தான். அவரும் அவர் மனைவியும் கான்ஜில் சிற்றாலயம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து எப்படி ஏறும்? அசுத்தத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் கிடக்கும் பிள்ளைக்கு வேதபாடம் எப்படி ஏறும்? அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஒரு மறைமாவட்டம் இன்ஜினியர்களை அனுப்பியது. மலையடியில் இருந்த ஊற்றுநீரை, ஓடும் தண்ணீரின் விசையாலேயே பல நூறு அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். கான்ஜில் குழாய் வந்தது. மருத்துவமனைக்கு முன்னால் வந்த மருத்துவம் அது.

1983-ல் பால் ஃபார்மர் என்ற அமெரிக்க இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். கத்தோலிக்கர். மருத்துவக் கல்லூரியில் சேருவதற்கு முன்பே வந்துவிட்டார். பிறகு ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஹைத்திக்கும் பாஸ்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். 1985-ல் கான்ஜில் ஒரு சிறு மருத்துவமனை திறந்தார்கள். அதன் பெயருக்கு 'நல்ல மீட்பர்' என்று அர்த்தம். நடத்திய அமைப்பின் பெயர் ஸான்மி லாசாந்தே, உடல்நலத் தோழர்கள். 1987-ல் பாஸ்டனில் அதற்குத் துணையாக ஒரு சங்கம் அமைந்தது. அதற்கு 10 லட்சம் டாலர் கொடுத்து ஆரம்பித்து வைத்தவர் டாம் ஒய்ட் என்ற கட்டட காண்ட்ராக்டர், பக்தியுள்ள கத்தோலிக்கர். சாவதற்குள் தன் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்று இருந்து, 2011-ல் காலமானார். வசதியோடு இருக்கும் நம் பழைய மாணவர்கள் காதில் இது விழட்டும் என்றுதான் சொல்கிறேன்!

இனி என் துறைக்கு வருகிறேன். கான்ஜ் மருத்துவமனையில் காசநோய் மாத்திரை இலவசம். மருந்தும் நல்ல மருந்து. இருந்தும் 1988 டிசம்பரில் மூன்று பேர் காசநோயால் இறந்துபோனார்கள். நாற்பது வயதைத் தொட்டவர்கள். குணப்படுத்தக்கூடிய நோய், கையில் மருந்து, அப்படியும் சாவு. ஏன்?

ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். அங்கே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. டாக்டர்களும் நர்சுகளும் ஒரு காரணம் சொன்னார்கள்: இந்த ஜனங்கள் சூனியத்தால் நோய் வருகிறது என்று நம்புகிறவர்கள், கொஞ்சம் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: செத்துப்போகிறவர்கள் இருப்பதிலேயே பரம ஏழைகள், வயிற்றுக்கு இல்லாமல் சாகிறார்கள். கவனியுங்கள், முதல் கட்சி மாதச் சம்பளம் வாங்குகிற கட்சி. இரண்டாவது கட்சி நோயாளியின் பக்கத்துக் குடிசையில் வசிக்கிற கட்சி. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டாலும் இப்படித்தான் பிரியும். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க சார்" என்கிற வசனத்துக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை.

யார் சொல்வது சரி என்று சோதித்துப் பார்த்தார்கள். 1989-90-ல் நூறு நோயாளிகள், ஆளுக்கு ஐம்பதாக இரண்டு குழு. இரண்டு குழுவுக்கும் மாத்திரை இலவசம். முதல் குழுவுக்கு மட்டும் கூடுதலாகச் சில உதவிகள்: ஆரம்ப நாட்களில் தினமும் வீட்டுக்கு வந்து பார்க்கிற கிராமப் பணியாளர், முதல் சில மாதங்களுக்குச் சத்துணவும் மாதம் 30 டாலரும், மருத்துவமனைக்கு வந்துபோகப் பயணச் செலவு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் எல்லோருக்கும் நோய் நீங்கியிருந்தது. மாத்திரை மட்டும் வாங்கிப் போன குழுவில் பாதிப் பேருக்குக்கூட முழுக் குணம் இல்லை.

சூனியம் என்ன ஆயிற்று? இரண்டு குழுவிலும் பெரும்பாலோர் அதை நம்பத்தான் செய்தார்கள். நம்பிக்கொண்டே மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். வீட்டில் சாமியாடியிடம் குறி கேட்டுவிட்டு, மறுநாள் காலை என்னிடம் சளிப் பரிசோதனைக்கு வந்து நின்றவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. மனுஷன் மனசில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வயிற்றில்தான் ஒன்றுமில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கை இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நல்ல சமாரியன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்லூரிச் சிற்றாலயத்தில் கேட்டிருப்பீர்கள். கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனை ஒரு சமாரியன் பார்த்தான், மனமிரங்கினான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். நாம் பெரும்பாலும் கதையை அந்தக் கட்டோடு நிறுத்திவிடுகிறோம். லூக்கா அதோடு நிறுத்தவில்லை. சமாரியன் அவனைத் தன் வாகனத்தின் மேல் ஏற்றினான், அது பயணச் செலவு. சத்திரத்தில் சேர்த்தான், அது படுக்கை. மறுநாள் சத்திரக்காரனிடம் காசு எடுத்துக் கொடுத்தான், அது மாத உதவித்தொகை. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான், அது தொடர் கண்காணிப்பு. கான்ஜ் ஊர்த் திட்டம் அத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது! அடிபட்டவன் எந்த ஜாதி, எந்தக் கோயில் என்று சமாரியன் கேட்கவில்லை. 'இந்த வழியில் தனியாக ஏன் வந்தாய்' என்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம்.

ஏழைகளின் பக்கம் முதலில் நிற்க வேண்டும் என்ற எண்ணம், 1968-ல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் மாநாட்டுக்குப் பிறகு அந்தக் கண்டத்தில் பரவியது. பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியேரஸ் அதை விடுதலை இறையியலாக எழுதினார். ஃபார்மர் அதை மருத்துவத்துக்கு மொழிபெயர்த்தார் என்று சொல்லலாம். நோய்க்கிருமி ஏழையைத் தேடிப் போகிறது, ஆகவே மருத்துவரும் அங்கேதான் முதலில் போக வேண்டும். நோயாளி குணமாகவில்லை என்றால், எங்கள் ஏற்பாட்டில் என்ன குறை என்று கேட்பதுதான் முதல் கேள்வி. ஹைத்தி மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: கடவுள் கொடுப்பார், பங்கு போட்டுத் தரமாட்டார். பங்கு போடுகிற வேலை நம்முடையது என்று அர்த்தம்.

அந்தக் கிராமப் பணியாளருக்கு அங்கே வழங்கும் பெயர் 'அக்கொம்பான்யத்தர்', கூட வருகிறவர். பெரிய படிப்பு கிடையாது, அதே ஊர்க்காரர். தினமும் போய் மாத்திரையைக் கொடுத்து, சாப்பிடுவதைப் பார்த்து, வீட்டில் அரிசி இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்து வருவார். அவருக்குச் சம்பளம் உண்டு. ஏழைக்குச் சேவை என்ற பேரில் இன்னொரு ஏழையை ஓசியில் வேலை வாங்குவது அங்கே வழக்கமில்லை.

இந்த இடத்தில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், ஒரு பகுதியை நெருக்கடியான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு பெரிய காரணம். வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு மோசம், அப்படியும் குணமானார்களே, கான்ஜ் முடிவுக்கு இது முரண் இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சென்னையில் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள். மருந்து நிச்சயமாக உள்ளே போகிறதா என்று பார்க்க ஆள் இருந்தது. மருந்து வேலை செய்யும் என்று சென்னை நிரூபித்தது. பசித்தவன் அந்த மருந்துவரை வந்து சேர என்ன வேண்டும் என்று கான்ஜ் காட்டியது. சாப்பாட்டின் பலம் பிறகு நம் நாட்டிலேயே தெரிந்தது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது கணிசமாகக் குறைந்தது. 2023-ல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது.

1998-ல் கான்ஜ் அடுத்த படி ஏறியது. எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கூட்டுமருந்துச் சிகிச்சையை இலவசமாக ஆரம்பித்தார்கள். அப்போது ஒருவருக்கு வருஷத்துக்கு ஆகும் செலவு 10,000 டாலருக்கும் மேல். பெரிய பெரிய நிபுணர்கள் சிரித்தார்கள். ஏழை நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்றார்கள். 2001-ல் ஒரு பணக்கார நாட்டின் உதவி அமைப்புத் தலைவர், ஆப்பிரிக்கர்களுக்கு மணி பார்க்கத் தெரியாது, வேளாவேளைக்கு மருந்து எப்படிச் சாப்பிடுவார்கள் என்ற பொருள்படப் பேசினார். அதே 2001-ல் கான்ஜின் முதல் அறுபது நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 'லான்செட்'டில் வந்தது. கூட வருகிறவர் கையால் மாத்திரை சாப்பிட்ட அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே தேறியிருந்தார்கள். அதே வருஷம் பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அந்தக் கூட்டுமருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 'கட்டுப்படியாகாது' என்பது ஆண்டவன் எழுதிய விலை இல்லை, மனுஷன் ஒட்டிய விலைச்சீட்டு என்று உலகத்துக்குப் புரிந்தது. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதி தொடங்கியது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லி உங்களைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்ப எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. 2010 ஜனவரியில் பெரிய பூகம்பம் வந்து தலைநகரத்தை நொறுக்கியது. அதன் பிறகு, அரசாங்கமும் இந்த அமைப்பும் சேர்ந்து கான்ஜுக்குப் பக்கத்தில் மீர்பலே ஊரில் 300 படுக்கையோடு ஒரு போதனா மருத்துவமனை கட்டி 2013-ல் திறந்தார்கள். கூரையெல்லாம் சூரிய மின்பலகை. ஹைத்தி டாக்டர்கள் அங்கே மேற்படிப்புப் பயின்றார்கள். ஃபார்மர் 2022 பிப்ரவரியில் ருவாண்டா நாட்டில், பணியிடத்திலேயே, 62 வயதில் தூக்கத்தில் இறந்தார். 2025 மார்ச் கடைசியில் மீர்பலே ஊருக்குள் ஆயுதக் கும்பல்கள் புகுந்தன. அவ்வளவு பெரிய மருத்துவமனை நோயாளிகளை வேறிடம் அனுப்பிவிட்டுக் கதவை மூட வேண்டியதாயிற்று.

அப்படியானால் இத்தனையும் வீண்தானா? வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கட்டடத்தை ஒரு நாளில் மூடிவிடலாம். குணமாகி வயலுக்குத் திரும்பினவர்களை, தாயில்லாப் பிள்ளைகளாக ஆகாமல் தப்பிய குழந்தைகளை, எந்தக் கும்பலும் திரும்பப் பறித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று: கூட நடப்பது என்றால் வழி நன்றாக இருக்கும்வரை நடப்பது என்று அர்த்தமில்லை. நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அங்கேதான் பரீட்சை.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாள் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம். பந்தல், மைக்செட், போட்டோ, மூட்டை மூட்டையாக மாத்திரை. நல்ல காரியம்தான். மறுநாள் யார் போகிறார்கள்? இந்த வருஷம் முகாமுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைத் தனியாக வையுங்கள். முகாமில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு, குணமாகும்வரை, பஸ் சார்ஜும் மளிகையும் வாங்க அது பயன்படட்டும். காசநோயாளிகளுக்கு அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் சத்துணவுக்காகத் தர ஏற்பாடு செய்திருக்கிறது. அந்தப் பணம் அவர் பேங்க் கணக்குக்கு வந்ததா என்று விசாரித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தாலே பெரிய உதவி. ஒரு நோயாளிக்கு ஒரு மாணவர், ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு தடவை. "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மறுபடி எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" இந்த மூன்று கேள்வி கேட்க எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

மருத்துவம், நர்சிங் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பதிவேட்டில் 'சிகிச்சையைப் பாதியில் விட்டவர்' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஒரு பெயரை எழுதுவதற்கு முன்னால், அந்த ஆளின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர், ஆலயத்துக்குப் போகிறவர், எங்கேயும் போகாதவர், யாராக இருந்தாலும் அந்த வீட்டு வாசல்வரை போகலாம். வழியில் எந்தத் தடையும் இல்லை.